பனியோ, பராமுகமோ?

சென்ற ஆண்டு எம் கல்லூரித் தமிழ் மன்றத்தில் ‘வீரத்தின் இலக்கணம்’ என்னும் பொருள்பற்றிச் சொற்போர் ஒன்று நிகழ்ந்தது. அதன்கண் யாம் அமெரிக்க விடுதலைப் போரினின்றும் ஓர் எடுத்துக்காட்டை விரும்பி மேற்கொண்டோம். 1777ஆம் ஆண்டின் பனிக்காலத்தில், வேலி போர்ஜ் என்னும் இடத்தில், வாஷிங்டனுடைய படைவீரர் காலுக்கு மிதியடியின்றியும் வயிற்றுக்கு உணவின்றியும் பட்ட பாட்டினை எமக்கியன்றவாறு விரித்துரைத்தோம். பனியை ஒரு கொடுங்கோலனாக உருவகித்தோம். வீரரை அக்கொடுங்கோலன் முன் அசையாது நின்ற மலைகளாகப் புனைந்தோம். அவையோர் கைதட்டினர், யாமும் மகிழ்ந்தோம்.

கூட்டம் கலைந்தபின் எம் ஆசிரியர் ஒருவர் எம்மை அருகழைத்து, “அப்பனிக்காலத்தில் ஆங்கிலச் சேனை எங்கே தங்கியிருந்தது?” என்று வினவினார். “பிலடெல்பியா நகரில், ஐயா” என்றோம். “அந்நகருக்கும் வேலி போர்ஜுக்கும் இடையே எவ்வளவு தொலைவு?” “இருபது மைலுக்கு மேற்படாது, ஐயா.” “அப்படியானால், இருபது மைலுக்கு அப்பால் பனி பெய்யவில்லையா, தம்பி?” என்று கூறிப் புன்முறுவலுடன் சென்றுவிட்டார். எமக்கு விடை தோன்றவில்லை. அவ்வினாவிற்கு விடை தேடிப் படித்து, யாம் எய்திய கருத்தையே இக்கட்டுரையில் அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

முதற்கண் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். 1777ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் பிராண்டிவைன் என்னுமிடத்தில் வாஷிங்டன் தோல்வியுற்றார். அம்மாதம் 26ஆம் நாள் ஆங்கிலத் தளபதி ஹோ என்பவர் பிலடெல்பியாவைக் கைக்கொண்டார். அக்டோபர் 4ஆம் நாள் ஜெர்மன்டவுனில் அமெரிக்கர் தொடுத்த தாக்குதலும் பயன்படவில்லை. காங்கிரஸ் சபையோ நகரைவிட்டு நீங்கி யார்க் என்னும் ஊரிற் கூடிற்று. இந்நிலையில், டிசம்பர் 19ஆம் நாள், ஏறக்குறைய 12,000 வீரர் ஸ்கூல்கில் ஆற்றங்கரையிலுள்ள வேலி போர்ஜ் மேட்டிற்கு வந்து சேர்ந்தனர். போர்ஜ் என்பது கொல்லனது உலைக்களம். அங்கே முன்னர் இரும்புலை ஒன்று இருந்தமையால் அவ்விடம் அப்பெயர் பெற்றது. அவ்வுலையையும் அங்கிருந்த பண்டங்களையும் ஆங்கிலச் சேனை செப்டம்பரிலேயே எரித்துவிட்டது.

வந்தவர்க்குத் தங்க இடமில்லை. பதினான்கடி அகலமும் பதினாறடி நீளமும் உள்ள மரக்குடில்களைத் தாமே கட்டிக்கொள்ளுமாறும், குடிலொன்றிற்குப் பன்னிருவர் தங்குமாறும் கட்டளை பிறந்தது. ஒவ்வொரு படைப்பிரிவிலும் விரைவாகவும் செவ்வையாகவும் கட்டி முடிக்கும் குழுவிற்குப் பன்னிரண்டு டாலர் பரிசு என்று வாஷிங்டன் அறிவித்தார். குடில் எழும்வரை கிழிந்த கூடாரங்களே அவர்க்குத் துணை. உணவோ, மாவை வெறும் நீரிற் பிசைந்து, நெருப்பிலிட்ட கல்லின்மேற் சுட்டெடுத்த அடை. இறைச்சி இல்லாத நாள்கள் பல. டிசம்பர் 23ஆம் நாள் வாஷிங்டன் காங்கிரஸ் தலைவர்க்கு எழுதிய கடிதத்தில், காலணியும் ஆடையும் இன்மையால் கடமைக்கு வர இயலாதவர் 2,898 பேர் என்று கணக்கிட்டுக் காட்டினார். பண்டங்கள் வந்தாலன்றிச் சேனை பட்டினியால் மடிதல், கலைந்துபோதல், உணவு தேடிச் சிதறுதல் என்னும் மூன்றனுள் ஒன்று நேரும் என்றும் எச்சரித்தார். கால்கள் பனியால் விறைத்துக் கறுத்தமையால் அவற்றை வெட்டி நீக்க வேண்டியிருந்தது என்று பிரெஞ்சு வீரர் லாபாயெத் தம் நினைவுக் குறிப்பில் வருந்துகின்றார்.

ஜோசப் பிளம் மார்ட்டின் என்னும் போர்வீரர் ஒருவர் இருந்தார். தமது பதினைந்தாம் வயதிற் படையிற் சேர்ந்த அவர், வேலி போர்ஜுக்குச் சென்றபோது பதினேழு வயதினர். எம்மினும் இரண்டாண்டு இளையவர். அவர் முதுமையில் எழுதிய நூல் 1830ஆம் ஆண்டு வெளிவந்தது. டிசம்பர் 18ஆம் நாளை நன்றியறிதல் திருநாளாகக் கொண்டாடுமாறு காங்கிரஸ் கட்டளையிட்டிருந்தது. அத்திருநாள் விருந்தாக ஒவ்வொரு வீரர்க்கும் ஒரு கைப்பிடி அளவு அரிசியும் ஒரு கரண்டி காடியும் வழங்கப்பட்டன என்று அவர் எழுதுகின்றார். அதன்பின் அவர்கட்கு நன்றியறிதலைப் பற்றிய அருளுரையும் நிகழ்ந்ததாம். வேலி போர்ஜை அடைந்த இரவில் தாகத்தால் வருந்திய அவர், நீர் கொணர்ந்த இரு வீரரிடம் தம்பால் இருந்த மூன்று பென்னியையும் கொடுத்து ஒரு வாய் நீர் பருகினாராம். மறுநாள் அவர்க்குக் கிடைத்தது பாதிப் பூசணி ஒன்றே. இச்செய்திகளைப் படித்த அன்றிரவு விடுதியில் எமக்கு உணவு எளிதில் இறங்கவில்லை.

இனி, ஆசிரியர் வினாவிற்கு வருவோம். அவர்களை வருத்தியது பனிதானா? அப்பனிக்காலம் அந்நாட்டின் பிற பனிக்காலங்களினும் கொடியதன்று என்பது வரலாற்றாசிரியர் துணிபு. பனி உறைவதும் உருகுவதுமாக மாறி மாறி நிகழ்ந்து பாதைகளைச் சேறாக்கியதே அதன் பெரும் இடர். அன்றியும், வேலி போர்ஜில் ஆறு மாதத்தில் இறந்தவர் 2,000 பேர் வரை ஆவர். ஆயினும் அங்கே ஒரு போரும் நிகழவில்லை. பகைவர் வாள் ஒருமுறையேனும் அவ்வெல்லைக்குள் வீசப்படவில்லை. இறந்தவருள் மூன்றில் இரு பங்கினர் டிசம்பரிலும் ஜனவரியிலும் இறந்தவரல்லர். பனி நீங்கிய மார்ச்சு, ஏப்ரல், மே மாதங்களில் இறந்தவர். டைபஸ், டைபாய்டு, சீதபேதி, கபவாதச் சுரம் முதலிய நோய்கள் அவரைக் கொண்டுபோயின. பசியால் மெலிந்த உடலும், மாற்றுடை இன்மையும், நெருங்கிய குடிலும், மலக்குழியும் செத்த குதிரையும் நாறிய சூழலுமே அந்நோய்களை வளர்த்தன. சுற்றூர்த் தேவாலயங்களும் களஞ்சியங்களும் மருத்துவமனைகளாக மாறின. பெத்லகேம் என்னும் ஊரில் மொரேவியக் கிறிஸ்தவ சகோதரர் தம் இல்லத்தையே நோயாளிகட்கு ஒழித்துக் கொடுத்தனர். ஆயினும் அங்கும் இடமும் மருந்தும் போதாமையால், நோய் தணிக்கச் சென்றவர் நோய் பெருகி மாண்டனர். மருத்துவர் பெஞ்சமின் ரஷ் இச்சீர்கேட்டை வாஷிங்டனுக்கே எழுதி முறையிட்டு, 1778 ஜனவரியில் தம் பதவியைத் துறந்தார்.

இன்னும் ஒரு சான்று உண்டு. 1779ஆம் ஆண்டின் இறுதியில் அச்சேனை மாரிஸ்டவுன் என்னுமிடத்திற் பாசறை அமைத்தது. அந்நூற்றாண்டிலேயே மிகக் கொடியதெனப்படும் பனிக்காலம் அதுவே. நியூயார்க்குத் துறைமுகத்து உப்புநீரும் உறைந்து, பாரமேற்றிய வண்டிகள் அதன்மேற் சென்றன. உணவுக் குறையும் அங்கே கடுமையாகவே இருந்தது. எனினும் அங்கே இறந்தோர் நூற்றளவினரே. காரணம் யாது? குடில்களை வரிசைபெற அமைக்கவும், கழிவினை அகற்றவும், அம்மை குத்திக்கொள்ளவும் அதற்குள் அவர்கள் கற்றிருந்தனர். பனி மிக்கவிடத்தில் சாவு குறைந்தது; பனி குறைந்தவிடத்தில் சாவு மிக்கது. ஆதலின், பனியைக் குற்றவாளிக் கூண்டிலேற்றி யாம் அன்று மன்றத்தில் வழங்கிய தீர்ப்பு பிழையுடைத்தென்று இங்கே ஒப்புக்கொள்கின்றோம்.

பின்னர்க் குற்றவாளி யார்? அவர் ஒருவரல்லர், பலர். சேனையின் போக்குவரத்துக்கும் பாசறைப் பொருள்களுக்கும் தலைவராயிருந்த மிப்ளின் 1777ஆம் ஆண்டின் இறுதியிற் பதவி விலகினார். அவ்விடம் பல திங்கள் தக்கார் எவருமின்றிக் கிடந்தது. உணவுப் பண்டகத் தலைவராயிருந்த டிரம்புல், அவ்வாண்டுக் கோடையிற் காங்கிரஸ் வகுத்த புதிய ஒழுங்குமுறைகளுடன் மாறுபட்டு விலகினார். அவர்பின் வந்தவர் அச்சுமையைத் தாங்கும் ஆற்றலிலர். வண்டியோட்டிகள் கூலி போதாதென்று வரவில்லை. வந்தவருட் சிலர் பாரத்தைக் குறைக்கவேண்டி, உப்பிட்ட இறைச்சிப் பீப்பாய்களின் உப்புநீரை வழியிற் கொட்டிவிட, இறைச்சி பாசறையை அடையுமுன் கெட்டது. குதிரைகள் தீனியின்றி நூற்றுக்கணக்கில் வீழ்ந்தன. குதிரை வீழவே வண்டி நின்றது. வண்டி நிற்கவே மனிதர் பசித்தனர்.

பென்சில்வேனியா வறண்ட நாடன்று. கோதுமை விளையும் செழும் புலம். விளைத்தவர் பலர் காங்கிரஸின் காகிதப் பணத்தை வெறுத்து, ஆங்கிலேயரின் பொன்னை விரும்பி, தம் மாவையும் கால்நடையையும் பிலடெல்பியாவிற்கு ஓட்டிச்சென்றனர். 1778 பிப்ரவரியிற் பட்டினி எல்லை கடந்தபோது, தளபதி கிரீன் சுற்றுப்புறங்களிலும், தளபதி வேயின் ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சியிலும் தேடிச்சென்று மாடுகளையும் தானியத்தையும் திரட்டிவந்தனர். உணவு நாட்டில் இல்லாமலில்லை. பாசறைக்கு வந்து சேராமலே இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஈண்டு அன்பர் சிலர், “புதிதாகப் பிறந்த நாடு, வரி விதிக்கும் உரிமையும் அற்ற சபை, அதனிடம் இவ்வளவு எதிர்பார்த்தல் தகுமோ?” என்று வினவலாம். இதில் உண்மை உண்டு. காங்கிரஸுக்கு வரி விதிக்கும் உரிமை இல்லை. அச்சிட்ட காகிதமோ நாள்தோறும் விலை இழந்தது. ஆயினும், வறுமை மட்டுமே காரணமாயின் பின்வந்த மாற்றத்தை எங்ஙனம் விளக்குவது? காங்கிரஸ் அனுப்பிய குழுவினர் ஜனவரியிற் பாசறைக்கு வந்து அவலத்தைக் கண்ணாற் கண்டனர். மார்ச்சு மாதத்தில் கிரீன் போக்குவரத்துத் தலைமையை ஏற்றார். ஏப்ரலில் வாட்ஸ்வொர்த் உணவுத் தலைமையை ஏற்றார். பாதைகள் செப்பனிடப்பட்டன, வண்டிகள் ஓடின, பண்டங்கள் வந்தன. ஆயிரக்கணக்கான வீரர்க்கு அம்மை குத்தப்பட்டது. பிப்ரவரி 23ஆம் நாள் வந்த பிரஷிய வீரர் ஸ்டூபன் படைப்பயிற்சியோடு அடுக்களை எங்கே, மலக்குழி எங்கே அமைதல் வேண்டும் என்பதையும் கற்பித்தார். நாடு அதே வறிய நாடே. சபையும் அதே சபையே. மாறியது கவனம் ஒன்றே. அக்கவனம் நவம்பரில் வந்திருக்குமாயின், எத்துணைத் தாய்மார் தம் மக்களைத் திரும்பக் கண்டிருப்பர்!

வேறு சிலர் கூறுவது இதனினும் நுட்பமானது. “அத்துன்பமே அச்சேனையைப் புடமிட்டது, பெயருக்கேற்ப அவ்விடம் வீரத்தின் உலைக்களமாயிற்று, 1778 ஜூன் 28ஆம் நாள் மான்மவுத் போரில் அவர்கள் ஆங்கிலேயர்க்கு நிகராக நின்றது அதன் பயனே” என்பர். இக்கூற்று கேட்க இனியது. யாமும் ஒருகால் இதனைக் கூறியவரே. ஆனால் அவர்களை மான்மவுத்தில் நிறுத்தியது ஸ்டூபன் அளித்த பயிற்சியன்றோ? பயிற்சி வேறு, பட்டினி வேறு. பசித்தவன் பயிற்சி பெற்றான் என்பதனாற் பசியே ஆசிரியனாகிவிடாது. தமிழில் உலை என்னுஞ் சொல் கொல்லன் உலைக்கும் உரியது. சோறாக்க வைக்கும் உலைக்கும் உரியது. கொல்லன் உலையைப் புகழ்வோர், அங்கே சோற்றுலை ஏறாமற் கிடந்ததை மறக்கின்றனர். மேலும், புடத்திலிட்ட பொன் ஒளிபெறும் என்பது ஆங்கு உயிர் தப்பினோர்க்கே பொருந்தும். ஏப்ரல் மாதத்தில் வைக்கோற் படுக்கையில் இறந்தவன் எப்புடத்தில் ஒளி பெற்றான்?

இவ்விடத்தில் ஓவியம் ஒன்றைக் குறிப்பிடாமற் செல்லுதல் இயலாது. வாஷிங்டன் வேலி போர்ஜுக் காட்டில் பனியின்மேல் முழந்தாளிட்டுத் தனித்து ஜெபிக்கும் காட்சி பலரும் கண்டதே. 1928ஆம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் வெளியிட்ட அஞ்சல் தலையிலும் அக்காட்சி பொறிக்கப்பட்டது. இச்செய்தி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீம்ஸ் என்னும் போதகர் எழுதிய கதையால் பரவியது. அக்காலத்தார் சான்று இதற்கு இல்லை என்பர் ஆராய்ச்சியாளர். நாம் ஜெபத்தின் வலிமையை ஐயுறுவோமல்லேம். ஆயினும் அவ்வோவியத்தில் ஒரு குறையைக் காண்கின்றோம். அதில் வாஷிங்டன் உளர்; குதிரை உளது; பனி உளது; குடிலுக்குள் கிடந்த பன்னிருவர் இலர். அப்பனிக்காலத்தில் வாஷிங்டன் செய்ததாக ஐயமின்றி நாம் அறிவதோ, காங்கிரஸுக்கும் ஆளுநர்க்கும் ஓயாது கடிதம் எழுதி, மாவும் மாடும் காலணியும் அனுப்புமாறு மன்றாடியது. அக்கடிதங்களும் ஒருவகை ஜெபமே என்பது எம் எண்ணம். குளிர்காயும்படி வாழ்த்திவிட்டு ஆடை கொடாது அனுப்புதலை யாக்கோபு அப்போஸ்தலர் தம் நிருபத்திற் கடிந்தமை நம்மில் யாவரும் அறிந்ததே.

எமக்குப் பாடமாயுள்ள பத்துப்பாட்டுள், நெடுநல்வாடை பாசறையொன்றைக் காட்டுகின்றது. வாடைக்காற்று வீச, மழைத்தூவல் நனைக்க, வேந்தன் நள்ளிரவிலும் உறங்காது, புண்பட்ட வீரரை நேரிற் கண்டு ஆற்றுகின்றான். இதனினும் உயர்ந்த காட்சி இல்லையென்றே பலகாலும் எண்ணியிருந்தோம். வாஷிங்டனும் வீரர் குடில் கட்டத் தொடங்கிய நாள்களில் தாமும் கூடாரத்திலேயே தங்கினார். தலைவன் உடனிருந்து ஆற்றுதல் பெரிதே. ஆனால் வாட்புண் கண்ணுக்குப் புலப்படும். அதனைக் காண வேந்தனும் வருவான், பாடப் புலவனும் வருவான். பசிப்புண் உள்ளே எரிவது. அதனைக் காண வேண்டியவர் பாசறைக்கு வெளியே, யார்க்கிலும் கிடங்கிலும் கணக்கறையிலும் இருந்தனர்.

அவ்வீரரின் பிற்கால வாழ்வும் இதனையே வற்புறுத்தும். பொறுமையின் வடிவெனப் புகழப்பட்ட அவர்கள் பொறுமைக்கும் எல்லை வந்தது. 1780 மே மாதத்தில் கனெக்டிகட் வீரர், உணவும் ஊதியமும் இன்மையால் மாரிஸ்டவுனில் ஆயுதத்தோடு அணிவகுத்து முறையிட்டனர். மார்ட்டினும் அவருள் ஒருவர். 1781 ஜனவரி முதல் நாள் பென்சில்வேனியா வீரர் கலகம் விளைத்தனர். ஆயினும் அவர்களைப் பகைவர்பக்கம் இழுக்க ஆங்கிலேயர் விடுத்த ஒற்றரைப் பிடித்து ஒப்படைத்தவரும் அவர்களே. அவர் வெறுத்தது நாட்டையன்று, பராமுகத்தையே. 1778 ஆகஸ்டில் எடுத்த கணக்கொன்றில் அச்சேனையிற் கறுப்பின வீரர் 755 பேர் இருந்தனர். தம் இனத்தார் அடிமைப்பட்டிருந்த நாட்டின் விடுதலைக்காக அவர்களும் அதே அடையைத் தின்று அதே குடிலிற் கிடந்தனர். போர் முடிந்தது 1783இல். வறிய முதுவீரர்க்கு உதவிச் சம்பளம் வகுத்த சட்டம் 1818இல் வந்தது. முப்பத்தைந்தாண்டு! அதனைப் பெறும்பொருட்டு மார்ட்டின் தமக்குச் சொந்தமானவை இரு பசுவும் ஆறு ஆடும் ஒரு பன்றியுமே என்று கணக்குக் காட்டினார். திங்களுக்கு எட்டு டாலர் கிடைத்தது.

வேலி போர்ஜ் இன்று தேசியப் பூங்கா. குடில்களின் மாதிரிகள் அங்கே நிற்கின்றன. மக்கள் சென்று கண்டு வணங்குகின்றனர். அவ்வணக்கம் தக்கதே. துன்புற்றவரை நாம் புகழவேண்டாவென்று யாம் கூறவில்லை. புகழ்ச்சி கணக்கைத் தீர்த்துவிடாது என்பதே எம் கருத்து. “எவ்வளவு பொறுத்தார்!” என்று வியக்குமிடத்தெல்லாம், “எவர் பொறுக்கவைத்தார்?” என்று உடன் வினவுதல் வேண்டும். இவ்வினா இன்றேல், வீரவணக்கமே பராமுகத்திற்குப் போர்வையாகிவிடும்.

உடன் மாணவர்காள்! நம்முள் வாளேந்துவோர் மிகச் சிலரே. அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் பண்டகசாலைகளிலும் பள்ளிகளிலும் அமர்ந்து, ஏட்டில் வரவு செலவு எழுதி, சாவிக்கொத்தைக் கையில் வைத்திருக்கப் போகின்றவர் மிகப் பலர். நாம் ஒரு திங்கள் தாழ்த்திக் கையெழுத்திடும் தாள் ஒன்றால், நாம் காணாத ஓரிடத்தில், நாம் அறியாத ஒருவர் பசித்திருக்கக் கூடும். இவ்வாண்டு எம் விடுதித் தோழர் எம்மை உணவுச் செயலராகத் தேர்ந்தனர். அரிசி மூட்டை வந்து இறங்கும் நாளில், முன்னெல்லாம் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு நூலகத்திற்குச் செல்ல எண்ணுவோம். இப்பொழுது கிடங்கிற்குச் சென்று, மூட்டைகளை யாமே எண்ணி, ஏட்டிற் பதிந்த பின்னரே செல்கின்றோம். ஆசிரியர்க்கு யாம் சொல்லவியலாத விடையில் ஒரு சிறு பகுதியேனும் அவ்வேட்டில் இருக்கின்றது.